ஆறாவது பிரேக்

பர்லியாறில் நிற்கும் கார்

விடுமுறை நாளில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால், பர்லியாறு பக்கம் சாலையோரத்தில் ஒரு காராவது இப்படி நிற்கும். முன்சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை. பொசுங்கிய நாற்றம். குடும்பம் இறங்கிப் பழக்கடையில் மங்குஸ்தான் விலை கேட்டுக்கொண்டிருக்கும். ஓட்டி வந்தவர் மட்டும் முகம் வெளிறி, "பிரேக்கே பிடிக்கலைங்க" என்பார்.

அரை மணி நேரம் கழித்து அதே கார் கிளம்பும். பிரேக் நன்றாகப் பிடிக்கும். யாரும் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. கோயம்புத்தூர் போய் மெக்கானிக்கிடம் காட்டினால், அவரும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்பார்.

அப்படியென்றால் மலையில் கெட்டது எது? டீ குடிக்கும் நேரத்தில் அதைச் சரிசெய்தது யார்?

இதற்கான விடையை நான் மலையில் கண்டுகொள்ளவில்லை. ஒரு மேடு பள்ளம்கூட இல்லாத சமதரையில்தான் கண்டேன்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு காலை

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் இருக்கிறது. ஒரு முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர். 1990இல் இது திறக்கப்படும்வரை சென்னைக்காரர்களுக்குக் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றில்தான் வண்டிகள் சீறின.

டிராக் டே என்பது பந்தயம் அல்ல. கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டிவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள். பரிசு கிடையாது. எதிரே வண்டி வராது, மாடு குறுக்கே வராது. ஆகவே சாலையில் ஒருபோதும் கேட்கக் கூடாத கேள்வியை இங்கே காரிடம் கேட்கலாம்: உன்னால் எவ்வளவு முடியும்?

அன்று ஒரு இளைஞர் இரண்டு இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில் மாற்றம் செய்து, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, 180 குதிரைத்திறனை 240 ஆக்கியிருந்தார். பிரேக்கில் கை வைக்கவில்லை. அது கம்பெனி கொடுத்தபடியே இருந்தது. அவருடன் வந்த மெக்கானிக் ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். வண்டி உள்ளே போகுமுன் முன்சக்கர டிஸ்க்கின் விளிம்பில் சிறு தூரிகையால் இரண்டு கோடுகள் இழுத்தார். அது குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் நிறம் மாறிவிடும் பூச்சு. ஒரு கோடு 430 டிகிரிக்கு, இன்னொன்று 560க்கு.

மெதுவாக ஒரு சுற்று, பிறகு வேகமாக இரண்டு சுற்று. அவ்வளவுதான். கார் நேராக, வண்டிகளைச் சரிபார்க்கும் இடமான பிட்டுக்குள் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிய இளைஞர், "அண்ணே, பெடல் கல்லு மாதிரி இருக்கு. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி நிக்க மாட்டேங்குது" என்றார்.

மெக்கானிக் குனிந்து டிஸ்க்கைப் பார்த்தார். இரண்டு கோடுகளும் நிறம் மாறியிருந்தன.

வேகம் எங்கே போகிறது?

ஓடும் காருக்குள் அதன் வேகத்தால் வந்த ஆற்றல் இருக்கிறது. அதற்கு இயக்க ஆற்றல் என்று பெயர். பெட்ரோலை எரித்து இன்ஜின் சேர்த்துவைத்த முதல் அது. காரை நிறுத்தும்போது அந்த முதல் மறைந்துபோக முடியாது, உருமாறத்தான் முடியும். சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டை, அதாவது டிஸ்க்கை, இரு பக்கமும் பேட்கள் கவ்விப் பிடிக்கின்றன. உராய்வில் வேகம் வெப்பமாகிறது. குளிருக்குக் கையோடு கை தேய்க்கிறோமே, அதே வேலைதான்.

ஆக, பிரேக் காரை நிறுத்தும் கருவி என்பது பாதி உண்மை. அது வேகத்தை வெப்பமாக்கி, அந்த வெப்பத்தைக் காற்றில் கொட்டும் கருவி. முதல் வேலையை எந்தப் பிரேக்கும் நன்றாகவே செய்யும். சிக்கல் எல்லாம் இரண்டாவதில்.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். வேகம் கொஞ்சம் கூடினாலும் ஆற்றல் வட்டிக்கு வட்டி போட்டதுபோல் ஏறிவிடும்.

நான்கு லிட்டர் தண்ணீர்

அந்தக் காரையே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக எண்களை முழுதாக்கிக்கொள்கிறேன். ஓட்டுநரோடு சேர்த்து எடை 1,200 கிலோ. இன்ஜினை மாற்றுவதற்கு முன், நேர்ப்பாதையின் முடிவில் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர். அங்கே வளைவுக்காக 90 ஆகக் குறைக்க வேண்டும்.

ஆற்றலை அளக்க ஜூல் என்ற அலகு உண்டு. 100 கிராம் எடையுள்ள கொய்யாக்காயை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஏறக்குறைய ஒரு ஜூல் ஆகும். நம் கார் 180இலிருந்து 90க்கு இறங்கும்போது வெப்பமாகும் ஆற்றல் 11 லட்சத்து 25 ஆயிரம் ஜூல். கிட்டத்தட்ட நான்கு லிட்டர் தண்ணீரைக் குழாயில் பிடித்த சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். வீட்டு அடுப்பில் அதற்கு அரை மணி நேரம்கூட ஆகும். இங்கே நடந்து முடிவது மூன்று விநாடியில். அந்த மூன்று விநாடிக்கு நூறு கேஸ் அடுப்புகளை ஒன்றாகப் பற்றவைத்தாலும் ஈடாகாது. குதிரைத்திறனில் சொன்னால் சுமார் 500. இன்ஜினின் திறனோ 180தான். எந்தக் காரிலும் மிக வலிமையான எந்திரம் பிரேக்தான். பெருமையாகப் பேசப்படுவது மட்டும் இன்ஜின்.

பிரேக் போட்டதும் கார் முன்பக்கம் குனிகிறது, பாரம் முன்சக்கரங்களுக்கு நகர்கிறது. அதனால் வேலையில் சுமார் 70 சதவீதம் முன்சக்கரப் பிரேக்குகளுக்கு. ஒரு டிஸ்க்கின் எடை ஏழு கிலோ என்றால், அந்த ஒரு மிதியில் அதன் வெப்பம் சுமார் 110 டிகிரி ஏறும்.

இப்போது 240 குதிரைத்திறன். அதே நேர்ப்பாதை, முடிவில் வேகம் 200. கூடியது 20 கிலோமீட்டர்தான், நூற்றுக்குப் பதினொன்று. ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நூற்றுக்கு 31 கூடிவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் டிஸ்க் 148 டிகிரி ஏறுகிறது.

ஓட்டைத் தொட்டி

ஒரு மிதியில் 148 டிகிரி என்பது பயப்பட வேண்டிய எண் அல்ல. வார்ப்பிரும்பு இதைவிட எவ்வளவோ தாங்கும். ஆனால் டிராக்கில் ஒரு மிதியோடு விடுவதில்லையே.

அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் தாழ்வாக இருக்கும்போது ஓட்டை வழியே மெதுவாக ஒழுகும். மட்டம் ஏற ஏற வேகமாகப் பீய்ச்சும். ஏதோ ஒரு உயரத்தில், ஒரு குடம் ஊற்றுவதற்குள் ஒரு குடம் ஒழுகிவிடும். அதற்குமேல் மட்டம் ஏறாது. டிஸ்க்கும் அப்படியே. சூடு ஏற ஏற அது காற்றுக்கு விடும் வெப்பமும் கூடும்.

ஒரு சுற்றில் நான்கு இடத்தில் இதே அளவு பலமாக மிதிக்க வேண்டும், இரண்டு மிதிகளுக்கு நடுவே டிஸ்க் தன் கூடுதல் சூட்டில் கால் பங்கை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 40 டிகிரி வெயில்.

மாற்றம் செய்யாத காரில் முதல் சுற்றின் நான்காவது மிதியில் டிஸ்க் 340 டிகிரியைத் தொடும். இரண்டாவது சுற்று முடிவில் 436. அதன்பின் ஏற்றம் தளர்ந்து, எத்தனை சுற்று ஓடினாலும் 480ஐத் தாண்டாது. தொட்டியின் மட்டம் அங்கே நின்றுவிடுகிறது.

மாற்றிய காரில் முதல் சுற்று முடிவிலேயே 445. ஐந்தாவது மிதியில் 491. ஆறாவதில் 527. எட்டாவதில் 573. அது போய் நிற்கும் இடம் 632.

அந்தக் காரின் பேட்கள் 500 டிகிரிவரை ஒழுங்காக வேலை செய்யும் என்று கொள்வோம். பழைய இன்ஜினோடு நாள் முழுக்க ஓட்டினாலும் எல்லைக்கு 20 டிகிரி உள்ளேயே இருந்திருப்பார். புதிய இன்ஜினோடு இரண்டாவது சுற்றின் இரண்டாவது வளைவில், ஆறாவது மிதியில், எல்லை தாண்டிவிட்டது. முதல் ஐந்து மிதியிலும் பிரேக் கச்சிதமாகப் பிடித்திருக்கும். இதில்தான் ஆபத்து. ஐந்து முறை பிடித்தது ஆறாவது முறையும் பிடிக்கும் என்று கால் நம்பிவிடுகிறது.

கல்லாக ஒரு பெடல், பஞ்சாக ஒரு பெடல்

சூட்டினால் பிரேக் தன் பிடியை இழப்பதை வெப்பச் சோர்வு என்று அழைப்போம். இதில் இரண்டு வகை உண்டு. எது வந்திருக்கிறது என்பதைப் பாதமே சொல்லிவிடும். "பிரேக் பிடிக்கலை" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் மெக்கானிக்குகள் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

முதல் வகையில் பெடல் கல்லாக இருக்கும். பேட் என்பது பல பொருள்களின் தூளைப் பிசினால் பிணைத்து இறுக்கிய கட்டி. அளவுமீறிச் சுட்டால் பிசின் சிதைந்து வாயு கிளம்புகிறது, மேற்பரப்பு கண்ணாடிபோல் மழமழப்பாகிறது. கால் கொடுக்கும் அழுத்தம் முழுதாகப் போய்ச் சேர்கிறது, பேட் டிஸ்க்கை இறுகவே கவ்வுகிறது, ஆனால் உராய்வு இல்லை. எண்ணெய் தடவிய கையால் குடத்தைப் பிடிப்பதுபோல். அன்று காலை அந்த இளைஞருக்கு நடந்தது இதுதான்.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. பத்து நிமிடம் நிறுத்தி வைத்திருந்த காரில் ஏறிப் பெடலை மிதித்தவர், "அண்ணே, இப்ப பஞ்சு மாதிரி உள்ள போகுது" என்று கத்தினார். ஓடும்போது கல்லாக இருந்த பெடல், சும்மா நின்ற காரில் தரைவரை போனது.

பட்டறையில் நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது உண்மையில் எண்ணெய் அல்ல. பெரும்பாலும் கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். கால் தரும் அழுத்தத்தைக் குழாய் வழியே சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதன் வேலை. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால்தான் அது நம்பகமான தூதன். ஆனால் கொதித்து ஒரு குமிழி ஆவி உண்டானால் போதும், ஆவியைச் சுருக்கலாம். கால் மிதிப்பது எல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். டிஸ்க்குக்கு ஒன்றும் போய்ச் சேராது.

ஓடும் காரில் காற்று வீசி டிஸ்க்கின் சூட்டைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. நின்றுவிட்டால் காற்று இல்லை. 500 டிகிரிக்கு மேலிருக்கும் இரும்பின் சூடு போக வழியில்லாமல் பேட் வழியாக, பேட்டைத் தள்ளும் பிஸ்டன் வழியாக, திரவத்துக்கு ஏறுகிறது. அடுப்பை அணைத்த பிறகும் இரும்புச் சட்டியில் வத்தல் கருகுமே, அதுபோல. ஆகவேதான் டிராக்கில் கடைசிச் சுற்றைப் பிரேக்கையே தொடாமல் மிதமான வேகத்தில் ஓட்டச் சொல்கிறார்கள். அந்த ஆறவிடும் சுற்றை அவர் ஓட்டவில்லை. பயத்தில் நேராக உள்ளே வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிரேக் பிடிக்காத காரில் இன்னொரு சுற்று போ என்று யார் சொல்வது?

மெக்கானிக் கேட்டார்: "பிரேக் ஆயில் எப்ப மாத்துனது தம்பி?"

"வண்டி வாங்கி மூணு வருஷம் ஆச்சு. மாத்தணுமா என்ன?"

மாற்ற வேண்டும். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர் குழாய் வழியாகக்கூட உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்று டப்பாவில் போட்டிருக்கும் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதே திரவம் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தபின் 155 டிகிரி தாங்கினாலே தேறிவிடும். சாதாரண டாட் 3க்கு இந்த எண்கள் 205, 140. தண்ணீர் கொஞ்சம் சேர்ந்ததற்கு 75 டிகிரி பறிபோகிறது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இதை மறந்து இருப்பது சரியல்ல.

ஆவியான திரவம் ஆறினால் மறுபடி திரவமாகிறது; குமிழி மறைகிறது; பெடல் மேலே வருகிறது. சூடேறிய பேட்டும் ஆறினால் பிடி பெருமளவு திரும்பி வரும். பர்லியாறில் வண்டியைச் சரிசெய்தது அந்த அரை மணி நேரம்தான்.

மலை செய்யும் வேலையையும் இப்போது அளந்துவிடலாம். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். நம் 1,200 கிலோ கார் அவ்வளவு இறங்கும்போது கரைய வேண்டிய ஆற்றல், மேலே பார்த்த 180-90 மிதியைப் பதினாறு முறை போட்டதற்குச் சமம். மெதுவாக இறங்குவதால் வீசும் காற்றும் குறைவு. இரண்டாவது கியரில் இறங்கு என்று எழுதி வைத்திருக்கும் பலகை கேட்பது இதைத்தான்: சூட்டில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளட்டும், அதற்கு ரேடியேட்டர் இருக்கிறது. 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் இந்தப் பலகையை மதிக்காமல் நியூட்ரலில் இறங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்குகிறது. இன்னொன்று: புகையும் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுட்ட வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடலாம்.

லெ மான், 1953

ஒரு காலத்தில் எல்லாக் கார்களிலும் டிரம் பிரேக்தான். சுழலும் உருளையின் உள்பக்கத்தை, உள்ளே இருக்கும் ஷூக்கள் வெளியே தள்ளி உரசும். இதில் வடிவத்திலேயே ஒரு கோளாறு. சூடானால் உருளை விரியும். விரிந்தால் ஷூவை விட்டு விலகிப் போகும். எந்த நேரத்தில் அதிகம் தேவையோ அந்த நேரத்தில் எட்டிப் போகும். சூடும் உள்ளே அடைபட்டுக் கிடக்கும்.

டிஸ்க் சூடானால் தடிக்கும். தடித்தால் பேட்டை நோக்கி வரும். இருபுறமும் திறந்திருப்பதால் காற்று படும். ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1902லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் உலகம் நம்புவதற்கு ஒரு பந்தயம் தேவைப்பட்டது. 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் கார்கள் டன்லப்புடன் சேர்ந்து உருவாக்கிய டிஸ்க் பிரேக்குகளோடு ஓடின. ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளமான நேர்ப்பாதையின் முடிவில் மற்றவர்கள் முன்கூட்டியே மிதித்து டிரம்மைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஜாகுவார் ஓட்டிகள் தாமதமாக மிதித்தார்கள், இரவும் பகலும் அப்படியே மிதித்தார்கள். டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் வென்றார்கள். சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர். அங்கே அதுவரை யாரும் 100 மைல் சராசரியைத் தொட்டதில்லை.

மதிய ஓட்டம்

மதியத்துக்குள் மூன்று வேலைகள் நடந்தன. முதலில் ஏர் எடுத்தார்கள், அதாவது குழாயிலிருந்த பழைய திரவத்தையும் குமிழிகளையும் வெளியேற்றினார்கள். பேட்களைத் தாங்கும் காலிப்பரின் நிப்பிளில் கண்ணாடிபோன்ற குழாயைச் சொருகி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, "மிதி... பிடி... விடு" என்று மெக்கானிக் சொல்லச் சொல்ல, இளைஞர் பெடலை மிதித்தார். ஆறிய பிறகு பெடல் மேலே வந்திருந்தாலும், பழைய திரவத்தை நம்ப மெக்கானிக் தயாராக இல்லை. கட்டன் சாயா நிறத்தில் வந்தது. நடுநடுவே சின்னக் குமிழிகள். பிறகு வெளிர்மஞ்சளாய், குமிழி இல்லாமல்.

அடுத்து, பளபளத்துப்போன பேட்களைக் கழற்றி, அதே வகையில் புதிய ஜோடி. இன்னும் அதிகச் சூடு தாங்கும் பந்தய பேட் போட்டால் என்ன என்று இளைஞர் கேட்டார். மெக்கானிக் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வகை பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீட்டு வாசலில் முதல் மிதிக்கு வழுக்கும். இதே காரில்தான் அவர் அலுவலகம் போகிறார்.

பெரிய டிஸ்க் போட்டால்? இது பலரும் நினைக்கும் வழி. தொட்டிக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். டிஸ்க்கின் எடையை மட்டும் கூட்டினால் தொட்டி அகலமாகிறது. ஒரு குடம் ஊற்றினால் மட்டம் குறைவாக ஏறும். ஆனால் ஓட்டை அதே ஓட்டைதான். நிரம்பக் கூடுதல் நேரம் எடுக்கும், கடைசியில் போய் நிற்கும் மட்டத்தில் பெரிய மாறுதல் இருக்காது. ஆறாவது மிதியில் வரவேண்டியது பத்தாவதில் வரும். ஓட்டையைப் பெரிதாக்கினால்தான் மட்டம் இறங்கும். அதாவது காற்று வேண்டும். டிஸ்க்கில் துளை போடுவது பார்க்க அழகு. குளிர்விக்க அவ்வளவு உதவாது, விரிசல் தொடங்குவதும் பெரும்பாலும் அந்தத் துளைகளின் ஓரத்தில்தான்.

முன்சக்கர டிஸ்க் உண்மையில் இரண்டு தட்டுகள். நடுவே தடுப்புகளோடு இடைவெளி. சுழலும்போது அது மையத்தில் காற்றை இழுத்து விளிம்பில் வீசும் விசிறி. ஆகவே காற்றை மையத்துக்குக் கொடுக்க வேண்டும். மெக்கானிக் முன்பம்பரின் மூடுபனி விளக்கைக் கழற்றினார். அந்தத் துளையிலிருந்து டிஸ்க்கின் மையம்வரை, சூடு தாங்கும் நெளிகுழாய் ஒன்றை இழுத்து, சக்கரத்தை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று பார்த்துக் கட்டினார். அடுத்த பக்கத்துக்கும் அதே. 240 குதிரைத்திறனில் ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

கணக்கில் இது என்ன செய்யும்? இரண்டு மிதிகளுக்கு நடுவே கால் பங்குக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு சூடு போகிறது என்று வையுங்கள். மட்டம் போய் நிற்கும் இடம் 632இலிருந்து 484க்கு இறங்கிவிடும். பேட்டின் எல்லை 500.

டிஸ்க்கில் புதிதாக இரண்டு கோடுகள் இழுத்தார். முதல் இரண்டு சுற்றுகள் மிதமாக ஓட்டி, புதிய பேட்டையும் டிஸ்க்கையும் ஒன்றுக்கொன்று பழக்கச் சொன்னார். பிறகு எட்டு சுற்று வேகமாக. கடைசிச் சுற்றில் கார் நேர்ப்பாதையைக் கடந்தபோது பிரேக் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை, ஆறவிட்டுக்கொண்டே வந்தார்.

பிட்டில் நின்றதும் கை தன்னிச்சையாக ஹேண்ட்பிரேக்குக்குப் போனது. "அதைத் தொடாதீங்க தம்பி" என்று தடுத்தார் மெக்கானிக். சுட்ட டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் அப்பிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, டயருக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையை வைத்தார். பிறகு மண்டியிட்டு டிஸ்க்கின் விளிம்பைச் சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே பார்த்தார். 430 கோடு நிறம் மாறியிருந்தது. 560 கோடு பூசிய நிறத்திலேயே இருந்தது.

"பத்து நிமிஷம் கழிச்சு மிதிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். இளைஞர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மிதித்தார். பெடல் பாதி வழியிலேயே நின்றது.